தானாக மூடும் டயலாக்: டைமர் வைக்கலாமா, டோஸ்ட் போதுமா, ஒன்றுமே வேண்டாமா?

மளிகைக் கடை ஒன்றுக்கு பில் போடும் ஆப் எழுதிக் கொடுத்தேன். பில்லைச் சேமித்ததும் திரையின் நடுவில் ஒரு டயலாக் வரும்: "பில் சேமிக்கப்பட்டது." அதன் கீழே "சரி" என்று ஒரே ஒரு பட்டன். எழுதும்போது எனக்கு அது ஒழுங்காகத்தான் பட்டது. பத்து நாள் கழித்துக் கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, ஒரு நாளைக்கு இருநூறு பில்லு போடுறேன். இருநூறு தடவையும் சரி சரின்னு சொல்லிக்கிட்டே இருக்கணுமா? கையெல்லாம் வெல்லப் பிசுக்கு. அது பாட்டுக்குத் தானா போயிடாதா?"

"போயிடும் அண்ணாச்சி" என்றேன். ஆண்ட்ராய்டில் அதற்கு நாலு வரி கோட் போதும். அந்த நாலு வரியை அன்றைக்கே எழுதினேன். அது இழுத்துவிட்ட வம்புகளைத் தீர்க்க மூன்று மாதம் ஆனது. கடைசியில் அந்த டயலாக்கையே எடுத்துவிட்டேன். ஆனால் அதே ஆப்பில் வேறு இரண்டு இடத்தில் டைமர் வைத்த டயலாக் இன்றும் இருக்கிறது. இங்கே ஏன் கூடாது, அங்கே ஏன் வேண்டும் என்று எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். உங்கள் ஆப்பில் இதே முடிவு எடுக்க வேண்டியிருந்தால் கொஞ்சம் அலைச்சல் மிச்சமாகலாம்.

எத்தனை விநாடி வைப்பது என்று யோசிக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தச் செய்தி வந்து போனதை ஆள் கவனிக்கவே இல்லை என்றால் என்ன நஷ்டம்? பில் சேமித்த செய்தியில் நஷ்டம் ஒன்றுமில்லை. பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பில் உள்ளே இருக்கும். "பிரிண்டர் கிடைக்கவில்லை, பில் அச்சாகவில்லை" என்ற செய்தியின் கதை வேறு. அது மூன்று விநாடியில் காணாமல் போனால், வாடிக்கையாளர் ரசீது கேட்டு கையை நீட்டும்போதுதான் விஷயம் தெரியும். அதற்கு டைமர் வைப்பது பற்றிப் பேச்சே இல்லை. ஆள் பட்டனைத் தொடும்வரை அது நிற்க வேண்டும்.

ஆப்களின் தோற்றத்துக்கான கூகுளின் மெட்டீரியல் வழிகாட்டியும் டயலாக்கை, ஆள் ஏதாவது செய்யும்வரை நிற்கிற பொருளாகத்தான் வைத்திருக்கிறது. வெறுமனே தகவல் சொல்வதற்காக அலர்ட் (ஐபோனின் டயலாக்) காட்டாதே என்பது ஆப்பிளின் அறிவுரை. ஆக, "இந்த டயலாக் தானாகப் போனால் தேவலை" என்று தோன்றும்போதே சந்தேகப்படலாம். அநேகமாக அது டயலாக்காக வந்திருக்கவே கூடாத செய்தி.

டோஸ்ட்: எளிது, ஆனால் நம் சொல்லைக் கேட்காது

ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு முதலில் கை போகிற இடம் டோஸ்ட். ஒரு வரி எழுதினால் கீழே சின்னதாக வந்து மறைந்துவிடும். யாரையும் தடுக்காது, தொடவும் முடியாது. அண்ணாச்சி கேட்டதும் இதைத்தானே என்று நானும் நினைத்தேன்.

நேரம் நம் கையில் இல்லை என்பது முதல் சிக்கல். ஷார்ட் என்றால் 2 விநாடி, லாங் என்றால் 3.5 விநாடி, அவ்வளவுதான். நடுவில் ஒரு எண்ணைக் கொடுத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. கொடுத்தாலும் அது அந்த இரண்டில் ஒன்றாகத்தான் ஓடும்.

அடுத்த சிக்கல் தமிழில் எழுதுகிற நமக்கே உரியது. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12-ஐக் குறிவைத்து எழுதிய ஆப்களில் டோஸ்ட் இரண்டு வரிக்கு மேல் காட்டாது. பக்கத்தில் ஆப்பின் ஐகான் வேறு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அரை வரியில் முடிகிற விஷயம் தமிழில் "வாடிக்கையாளரின் தொலைபேசி எண் புதுப்பிக்கப்பட்டது" என்று நீளும். அதோடு இன்னொரு வாக்கியம் சேர்ந்தால் வால் வெட்டுப்படும். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர் போனில் இன்னும் மோசம். மொழிபெயர்ப்புக் கோப்பை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் இது படாது. தமிழில் வைத்து, எழுத்தையும் பெரிதாக்கி ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது சிக்கலைக் கடையில்தான் பார்த்தேன். டோஸ்ட்கள் வரிசையில் நிற்கும். மாலை ஆறு மணிக் கூட்டத்தில் அண்ணாச்சி சடசடவென்று நாலு சின்ன பில் போட்டார். நாலு டோஸ்ட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர் ஐந்தாவது ஆளுக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கும்போது மூன்றாவது பில் சேமிக்கப்பட்டதாகத் திரை சொல்லிக்கொண்டிருந்தது. "இது என்ன தம்பி, கிணத்துல கத்துன மாதிரி லேட்டா பதில் வருது?" புதிய டோஸ்ட்டைக் காட்டும் முன் பழையதை ரத்து செய்தால் தீரும். அதற்குப் பழைய டோஸ்ட்டைக் கையில் பிடித்து வைத்திருக்க வேண்டும். அப்போது ஒரு வரிக் கோட் என்ற பெருமை போய்விடுகிறது.

ஐபோனில் டோஸ்ட் என்ற பொருளே கிடையாது. வேண்டுமென்றால் நாமே வரைந்துகொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் சேர்த்து எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவில் இருக்கும் டோஸ்ட், பெயரிலேயே ஆண்ட்ராய்டை வைத்திருக்கிறது.

ஸ்நாக்பார்: "அய்யோ, தவறிப்போச்சு" என்பவருக்கு

ஸ்நாக்பாரும் டோஸ்ட் போலக் கீழே வந்து தானாக மறையும் ஒரு பட்டைதான். அதன் பலம் அதிலுள்ள ஒரு பட்டன். பில்லை நீக்கும்போது "நிச்சயமா?" என்று டயலாக் காட்டிக் கேட்பதை விட, நீக்கிவிட்டு "பில் நீக்கப்பட்டது – திரும்பக் கொண்டுவா" என்று கீழே காட்டுவது நல்லது. "நிச்சயமா?" என்ற கேள்விக்கு ஒரு வாரத்தில் விரல் பழகிவிடுகிறது. படிக்காமலே ஆமாம் என்று அழுத்திவிடுவோம். தவறு செய்தோம் என்பது செய்த பிறகுதான் உறைக்கும். உறைக்கிற அந்த நிமிடத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு வழி இருந்தால் போதும். ஜிமெயிலில் அனுப்பிய கடிதத்தைப் பிடித்து நிறுத்த 5, 10, 20, 30 விநாடிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அழிப்பதற்குப் பதிலாக எனக்கு மட்டும் அழி என்பதைத் தவறித் தொட்டால், மீட்டுக்கொள்ள 5 விநாடி தருகிறது. இங்கே நேரக் கெடுவுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. கெடு முடிந்தால், நாம் செய்யச் சொன்னது செய்தபடியே நிற்கும்.

நேரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண்ட்ராய்டில் திரையை அமைக்கும் பழைய முறையான வியூ முறையின் ஸ்நாக்பாரில் ஷார்ட் என்றால் 1.5 விநாடி, லாங் 2.75. புதிய முறையான கம்போஸில் அதே ஷார்ட் 4 விநாடி, லாங் 10. ரியாக்ட் நேட்டிவ் போலவே இரண்டு வகைப் போனுக்கும் எழுத உதவும் ஃபிளட்டரின் ஸ்நாக்பார் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 4 விநாடி நிற்கும். மெட்டீரியல் வழிகாட்டி சொல்வது 4 முதல் 10 விநாடி. ஆக, பழைய ஆப்பில் ஷார்ட் என்று விட்டுவைத்திருந்தால் வழிகாட்டி சொல்லும் குறைந்தபட்ச நேரத்தில் பாதிகூட இல்லை. திரும்பக் கொண்டுவரும் பட்டனுக்கு 1.5 விநாடி கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்றுதான். வியூ முறையிலும் மில்லி விநாடியில் நாமே எண் கொடுக்கலாம். டோஸ்ட் போல முரண்டு பிடிக்காது.

வியூ முறை ஸ்நாக்பார் வரிசையாக நின்று தொல்லை தராது. புதியது வந்தால் பழையது போய்விடும். கம்போஸிலும் ஃபிளட்டரிலும் அவையும் வரிசையில்தான் நிற்கும், பழையதை நாமே மூட வேண்டும். கீபோர்டு திறந்திருக்கும்போது அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும் பழக்கம் மட்டும் உண்டு. எதன் மேலே நிற்க வேண்டும் என்று சொல்லிவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டயலாக்கும் டைமரும்

அப்படியானால் டைமர் வைத்த டயலாக்குக்கு எங்கேதான் இடம்? எங்கள் ஆப்பில் அந்த இடம் பற்றுக் கணக்கு.

மாதக் கடைசியில் தருகிறேன் என்று சொல்லிப் பொருள் வாங்குகிறவர்களின் தொகையை ஏற்றியதும், "இன்று ₹350 பற்று. மொத்த நிலுவை ₹1,240" என்று பெரிய எழுத்தில் வரும். அண்ணாச்சி டேப்லட்டை ஸ்டாண்டிலிருந்து எடுத்து வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே நீட்டுவார். அவர் பார்த்துத் தலையாட்டுவார். டேப்லட் ஸ்டாண்டுக்குத் திரும்பும். இது கட்டாயம் கண்ணில் பட வேண்டிய செய்தி, ஆகவே டோஸ்ட் போதாது. ஆனால் அப்படியே நின்றுகொண்டிருந்தால், ஒருவர் வைத்திருக்கும் கடன் அடுத்து நிற்பவர் கண்ணில் படும். தெருவுக்குள் இதைவிடப் பெரிய சண்டைக்கு வித்து வேண்டாம். எனவே பெரிதாக வரவும் வேண்டும், தானாகப் போகவும் வேண்டும். இந்த மாதிரி இடம்தான் டைமர் வைத்த டயலாக்குக்கு நியாயமான இடம்.

இனி அதை எழுதும் முறைகள். இங்கேதான் அந்த மூன்று மாதம் போனது.

நான் முதலில் எழுதியது ஹேண்ட்லர் முறை. டயலாக்கைக் காட்டு, 3000 மில்லி விநாடி கழித்து மூடு என்று ஹேண்ட்லரிடம் சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகலாம். இணையத்தில் எங்கே தேடினாலும் இதுதான் கிடைக்கும். என் மேசையில் அருமையாக ஓடியது. கடையில் இரண்டாம் நாளே கிராஷ். காரணம் அந்த ஸ்டாண்ட். படுக்கைவாட்டில் இருக்கும் டேப்லட்டைக் கையில் எடுத்து நீட்டும்போது அது நிமிர்கிறது. திரை திரும்பியதும் ஆண்ட்ராய்டு அந்த ஆக்டிவிட்டியை, அதாவது திரையில் ஓடும் பக்கத்தை, அழித்துப் புதிதாக உருவாக்குகிறது. பழைய டயலாக்கின் ஜன்னலும் சேர்ந்து போய்விடும், ஆப்பின் பதிவேடான லாகில் ஜன்னல் கசிந்ததாக ஒரு புலம்பலோடு. இது எதுவும் ஹேண்ட்லருக்குத் தெரியாது. சரியாக மூன்றாவது விநாடியில், இல்லாத டயலாக்கை மூடப் போகும். விண்டோ மேனேஜரோடு ஒட்டாத வியூ என்ற பிழையோடு ஆப் விழும். ஆப் விழுந்தபோது டேப்லட் வாடிக்கையாளர் கையில் இருந்தது. "நான் ஒண்ணும் அமுக்கலை அண்ணாச்சி" என்று அவர் பதறிப்போனாராம்.

மருந்து எளியது. ஹேண்ட்லரிடம் கொடுத்த வேலையை ஒரு மாறியில் வைத்துக்கொள்ள வேண்டும். டயலாக் எந்த வழியில் மூடினாலும், ஆக்டிவிட்டி அழிந்தாலும் அந்த வேலையைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். ஹேண்ட்லரை உருவாக்கும்போது, திரை வேலைகளை ஓட்டும் மெயின் லூப்பரைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். ஒன்றும் கொடுக்காமல் உருவாக்கும் பழைய முறை ஆண்ட்ராய்டு 11-இலிருந்து கைவிடப்பட்டது.

அப்புறம், டயலாக்கை ஆக்டிவிட்டியின் ஒரு பகுதியாகப் பராமரிக்கும் டயலாக் ஃபிராக்மென்ட்டுக்கு மாறினேன். திரை திரும்பினாலும் அது டயலாக்கைத் திரும்ப நிறுத்தும். ஆனால் அதிலும் ஒரு பள்ளம். டயலாக் நிற்கும்போது போன் வந்து, எடுத்துப் பேசப் போனால் ஆப் பின்னால் போய்விடும், நிலையும் சேமிக்கப்பட்டுவிடும். அதன் பிறகு டைமர் வந்து மூடு என்றால், நிலை சேமித்த பின் இதைச் செய்ய முடியாது என்று ஒரு பிழையை வீசி ஆப் விழும். நிலை போனாலும் பரவாயில்லை, மூடு என்று சொல்ல இன்னொரு அழைப்பு இருக்கிறது. பலரும் அதைப் போட்டு முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது உடம்பு வலிக்கு மாத்திரை போட்டு வேலைக்குப் போவதைப் போல. பேசி முடித்துவிட்டுத் திரும்புகிறவர் அந்த நிலுவைத் தொகையைப் பார்த்தே இருக்க மாட்டாரே.

எனக்குத் திருப்தியாக அமைந்தது கோட்லின் மொழியின் கோரூட்டீன். ஃபிராக்மென்ட்டின் ஆயுளோடு கட்டிய லைஃப்சைக்கிள் ஸ்கோப்பில் ஒரு டிலே (தாமதம்), அடுத்து மூடு. ஃபிராக்மென்ட் அழிந்தால் டிலேயும் தானாக ரத்தாகும். அதையே திரை கண்ணுக்குத் தெரியும் நிலையில் இருக்கும்போது மட்டும் ஓடும்படி கட்டிவைத்தால், போன் பேசிவிட்டுத் திரும்பும்போது கணக்கு முதலிலிருந்து தொடங்கும். முழு நேரமும் பார்க்கக் கிடைக்கும். எச்சரிக்கை ஒன்று: டயலாக்கை மட்டும் உருவாக்கித் தரும் ஃபிராக்மென்ட்டில் வியூவின் லைஃப்சைக்கிளைக் கேட்காதீர்கள். அங்கே வியூவே இல்லாததால் ஆப் விழும். ஃபிராக்மென்ட்டின் சொந்த லைஃப்சைக்கிளைத்தான் பிடிக்க வேண்டும். இதில் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

கம்போஸில் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் பாதிக்கு மேல் கிடையாது. டயலாக்கைக் காட்டும் இஃப்-க்கு உள்ளேயே லான்ச்டு எஃபெக்ட் வைத்து, அதற்குள் டிலே போட்டு, காட்டு என்ற மாறியைப் பொய்யாக்கினால் போதும். ஆள் முன்கூட்டியே மூடினால் இஃப் பொய்யாகிறது, உள்ளே இருக்கும் எல்லாம் போகிறது, டைமரும் கூடவே சாகிறது. டயலாக்கோடு பிறந்து டயலாக்கோடு போகும் டைமர். மற்ற முறைகளில் நாம் கஷ்டப்பட்டுச் செய்வதும் இதைத்தான்.

ஜாவாவின் டைமர் வகுப்பைப் பற்றியும் கேட்பார்கள். டயலாக்கை மூடும் அழைப்பை எந்தத் திரெட்டிலிருந்தும் (தனியாக ஓடும் வேலை இழையிலிருந்தும்) கூப்பிடலாம் என்பதால் அது வேலை செய்யும். ஆனால் போகிற போக்கில் ஒரு எழுத்தை மாற்றலாம் என்று வியூவைத் தொட்டால், தவறான திரெட் என்று ஆப் விழும். மூன்று விநாடிக்கு ஒரு தனி திரெட் எதற்கு? விட்டுவிடுங்கள்.

ஃபிளட்டரில் ஓடிப்போன பில்

அண்ணாச்சியின் மகன் ஐபோன் வாங்கினார். கணக்கை அவரும் போனில் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆப்பை ஃபிளட்டரில் திரும்ப எழுதினேன். அங்கே வழக்கமாக எல்லோரும் எழுதுவது இப்படி: டயலாக்கைக் காட்டு, மூன்று விநாடி தாமதித்து நேவிகேட்டரில் பாப் செய். இரண்டே வரி.

ஒரு வாரத்தில் போன் வந்தது. "தம்பி, பில்லு போட்டுக்கிட்டே இருக்கேன், திரை ஓடிப்போயிடுது." நேரில் போய் அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். பற்று டயலாக் வந்ததும் அவர் காத்திருக்கவில்லை. டயலாக்குக்கு வெளியே இருண்ட பகுதியில் ஒரு தட்டு தட்டினார், டயலாக் மூடியது. உடனே புது பில்லைத் திறந்து "உளுந்து 1 கிலோ" என்று அடிக்க ஆரம்பித்தார். அந்த நொடியில் எங்கோ ஓடிக்கொண்டிருந்த மூன்று விநாடி முடிந்தது. பாப். டயலாக் இல்லாததால் மேலே இருந்த பில் பக்கம் போனது. உளுந்தும் போச்சு.

ஃபிளட்டரில் டயலாக்கும் பக்கமும் ஒரே அடுக்கில்தான் நிற்கின்றன. பாப் என்றால் மேலே இருப்பதை எடு என்று பொருள். அது எதுவாக இருந்தாலும் எடுக்கும். வெளியே தட்டி மூடுவதும் நாம் தடுக்காவிட்டால் அனுமதிக்கப்பட்டே இருக்கும். தாமதித்துச் செய் என்று கொடுத்த ஃபியூச்சரையோ ரத்து செய்ய வழியில்லை. மூன்றும் சேர்ந்ததுதான் இந்தக் கோளாறு. டயலாக்கைத் தனி விட்ஜெட்டாக எழுதி, அது பிறக்கும் இடத்தில் டைமரைத் தொடங்கி, அது மறையும்போது ஓடும் டிஸ்போஸில் டைமரை ரத்து செய்தேன். சரியாயிற்று. டயலாக்கின் மேலேயே இன்னொரு டயலாக் வரும் ஆப்பாக இருந்தால், பாப் செய்யும் முன் இந்த டயலாக்கின் ரூட்தான் இப்போது மேலே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதும் அவசியம்.

ஐபோனுக்கு நேரடியாக எழுதுகிறவர்களுக்கும் இதன் அண்ணன் ஒருவன் இருக்கிறான். அலர்ட்டைக் காட்டிவிட்டு, மெயின் கியூவில் மூன்று விநாடி கழித்து மூடு என்பார்கள். மூடு என்பதை அலர்ட்டிடம் சொல்லாமல், அதைக் காட்டிய பக்கத்தை இயக்கும் கன்ட்ரோலரிடம் சொல்லிவிட்டால் ஆபத்து. ஆள் ஏற்கெனவே அலர்ட்டை மூடியிருந்து, அந்தக் கன்ட்ரோலரே வேறொன்றின் மேல் காட்டப்பட்டதாக இருந்தால், கன்ட்ரோலரே மூடிக்கொள்ளும். அலர்ட்டிடம் நேரடியாகச் சொல்லுங்கள். முடிந்தால் ரத்து செய்யக்கூடிய வொர்க் ஐட்டமாக எழுதுங்கள்.

ரியாக்ட் நேட்டிவ் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதிலுள்ள அலர்ட்டைக் கோட் மூலம் மூட வழியே கிடையாது. தானாக மூட வேண்டும் என்றால் பக்கத்தின் மேல் வந்து நிற்கும் மோடல் ஒன்றை நாமே எழுதி, எஃபெக்டுக்குள் டைம்அவுட் வைத்து, கிளீனப்பில் அதை அழிக்க வேண்டும்.

எண்ணிக்கை காட்டுவது

மிச்சமிருக்கும் இன்னொரு டைமர் டயலாக், இரவில் நாள் கணக்கை முடிப்பது. "நாள் கணக்கை முடிக்கட்டுமா?" என்று கேட்டு, பட்டனிலேயே 60, 59, 58 என்று குறைந்துகொண்டு வரும். ஆண்ட்ராய்டில் இதற்கென்றே கவுண்ட்டவுன் டைமர் இருக்கிறது. மிச்ச நேரத்தை ஆயிரத்தால் வகுத்து அப்படியே காட்டினால் 60-க்குப் பதில் 59-இல் தொடங்கிவிடும், ஏனென்றால் முதல் டிக் வரும்போதே சில மில்லி விநாடி கழிந்திருக்கும். மேல்நோக்கி முழுமையாக்கிக் காட்டுங்கள்.

இதில் யோசிக்க வேண்டியது எண் பூஜ்யத்தைத் தொட்டதும் என்ன நடக்கும் என்பது. மேக் கணினியை அணைக்கச் சொன்னால் 60 விநாடி எண்ணிவிட்டு அணைந்துவிடும். விண்டோஸில் திரையின் ரெசல்யூஷனை மாற்றினால், இதை வைத்துக்கொள்ளவா என்று கேட்டு, பதில் வராவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும். ஒன்று செய்துவிடுகிறது, மற்றது பின்வாங்குகிறது. விண்டோஸ் செய்வதற்குக் காரணம் அழகானது: புதிய அமைப்பில் திரை கருப்பாகிவிட்டிருந்தால் அந்த ஆளால் பட்டனைப் பார்க்கவே முடியாது.

நான் முதலில் மேக் வழியைப் பின்பற்றினேன். ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணாச்சியின் விரல் தவறி அதைத் தொட்டுவிட்டது. அவர் அதைக் கவனிக்காமல் உள்ளே மூட்டை இறக்கப் போனார். ஒரு நிமிடத்தில் அன்றைய கணக்கு முடிந்துவிட்டது. ராத்திரி உட்கார்ந்து இருவரும் கணக்கை ஒட்டவைத்தோம். மறுநாளே திருப்பி எழுதினேன். இப்போது பதில் வராவிட்டால் டயலாக் ஒன்றும் செய்யாமல் மூடிக்கொள்கிறது.

எத்தனை விநாடி?

மூன்று விநாடி என்பது கோட் எழுதுகிறவரின் விநாடி. செய்தியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு முன்பே தெரியும். நான் இப்போது செய்தியை வாய்விட்டு நிதானமாக இரண்டு தடவை படித்துப் பார்த்து, அந்த நேரத்தை வைக்கிறேன். "இன்று ₹350 பற்று. மொத்த நிலுவை ₹1,240" என்பதற்கு எட்டு விநாடி வந்தது. கூடவே "சரி" பட்டனும் இருக்கிறது. அவசரக்காரர் அதைத் தொட்டுப் போகலாம்.

இந்த எண்ணையும் நேரடியாகக் கொடுக்கக் கூடாது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், தானாக மறையும் செய்திகள் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை அணுகல்தன்மை (அக்சஸிபிலிட்டி) அமைப்பில் ஆளே சொல்லிவைக்கலாம். 2 நிமிடம் வரை நீட்டலாம். நாம் நினைத்த நேரத்தையும், செய்தியில் எழுத்து இருக்கிறதா, பட்டன் இருக்கிறதா என்பதையும் அக்சஸிபிலிட்டி மேனேஜரிடம் கொடுத்தால், பரிந்துரைக்கும் நேரத்தைத் திருப்பித் தரும். ஸ்நாக்பார் இதைத் தானாகவே கேட்டுக்கொள்கிறது. நாம் கையால் எழுதும் டைமர் கேட்காது, நாம்தான் கேட்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களை அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி விதிகளில் 2.2.1 என்பதும் இதுதான். நேரக் கெடு வைத்தால் அதை நிறுத்தவோ, குறைந்தது பத்து மடங்கு வரை மாற்றவோ, முடியும் முன் எச்சரிக்கை பெற்று நீட்டிக்கவோ வழி தர வேண்டும் என்கிறது. அடிப்படை நிலையான ஏ-யிலேயே இருக்கிறது. திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கோ வாய்ஸ்ஓவரோ ஓடிக்கொண்டிருந்தால் நான் டைமரையே தொடங்குவதில்லை. பாதி வாசிக்கும்போது செய்தி காணாமல் போவது, பேசிக்கொண்டிருப்பவர் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம்.

சின்னதாக இன்னொன்று. டயலாக் மூடும் அதே நொடியில் ஆள் "சரி" பட்டனைத் தொட விரலை இறக்கினால், விரல் படுவது அடியில் இருக்கும் பக்கத்தின் மேல். எங்கள் பில் பட்டியலில் "சரி" இருந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு குப்பைத்தொட்டி ஐகான் இருந்தது. இரண்டு பில் அப்படித்தான் போயின. ஐகானை இடம் மாற்றினேன். டயலாக் தானாக மூடிய அரை விநாடிக்கு அந்தப் பக்கம் தொடுதலை ஏற்காதபடியும் செய்தேன்.

சரி, "பில் சேமிக்கப்பட்டது" என்ற பழைய டயலாக் என்ன ஆயிற்று? அதற்கு மாற்றாக டோஸ்ட்டும் இல்லை, ஸ்நாக்பாரும் இல்லை. சேமித்ததும் பக்கம் காலியாகி அடுத்த பில் எண் மேலே வந்து நிற்கிறது. கூடவே ஒரு சின்ன "டிங்". பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அது பேசுவதைக் கேட்டுக்கொண்டே பொட்டலம் கட்டுகிறவருக்கு, கண்ணை விட காதுக்குச் சொல்வதுதான் வசதி என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

டைமர் டயலாக் வைத்தே தீர வேண்டும் என்றால், ஆப்பை வெளியிடும் முன் இவற்றைச் செய்து பாருங்கள். டயலாக் நிற்கும்போது போனைத் திருப்புங்கள். ஹோம் பட்டனை அழுத்தி வெளியே போய், நேரம் முடிந்த பிறகு திரும்புங்கள். வெளியே தட்டி மூடிவிட்டு, உடனே வேறொரு பக்கத்தைத் திறந்து காத்திருங்கள். டெவலப்பர் அமைப்பில் ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காதே என்பதை இயக்கிவிட்டு இவை மூன்றையும் இன்னொரு முறை செய்யுங்கள். எனக்குக் கடையில் வந்த கிராஷ்கள் எல்லாம் இந்தப் பத்து நிமிட வேலையில் என் மேசையிலேயே வந்திருக்கும்.